பயனாளிகள் எண்ணிக்கை

தராவாவிலிருந்து படகில் இரண்டு நாள்.
இந்தத் தீவில் மேடு என்றால் குப்பைமேடு ஒன்றுதான்;
மற்றதெல்லாம் கடலின் கணுக்கால் உயரம்.
ஐடஹோ மலையடியில் நாற்பது வருடம்
உருளைக்கிழங்கு போட்ட டெல்மார்
முதல் வாரம் முழுக்க அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்.
கண் போய் முட்ட ஒன்றுமில்லை.

எனக்கு எழுபத்தொன்று, அவருக்கு எழுபத்துநாலு.
பதினெட்டு மாதத்துக்குக் கையெழுத்திட்டோம்.
மூத்த ஊழியத் தம்பதி என்று கடிதத்தில் எழுதும் சபை.
பிள்ளைகள் "ஐ-மாத்தாங்" என்று கத்திவிட்டு ஓடும்,
பிறகு திரும்பி வந்து
என் முழங்கை மச்சம் அழிகிறதா என்று தேய்த்துப் பார்க்கும்.

விடிவதற்குள் எழுந்து மழைத்தொட்டியைத் தட்டுவார்.
சத்தம் எங்கே மாறுகிறதோ அதுவரை தண்ணீர்.
கிணறு உவர்ப்பு, டீத்தூளுக்கே தெரிந்துவிடும்.
குளித்த நீரில் துணி, துணி அலசிய நீர் பப்பாளிக்கு.
தட்டுவது முதலா ஜெபம் முதலா என்று
ஒருநாள் சண்டையே போட்டோம்.
கர்த்தர் காத்திருப்பார், தொட்டி காத்திருக்காது என்றார்.
அன்று மத்தியானம் வரை நான் பேசவில்லை.

கப்பல் ஏழு மாதம் பிந்தி ஏப்ரலில் வந்தது.
கண்டெய்னருக்குள் இருபத்தாறு சக்கர நாற்காலி,
ஆஸ்பத்திரித் தரைக்கென்று செய்த ஒல்லிச் சக்கரங்கள்.
பவள மணலில் இறங்கியதும் மண்டியிட்டன.
கடைக்கார பவுரோவிடம்
யாரும் வாங்காத தள்ளுவண்டி டயர்கள் கிடந்தன.
மூன்று வாரம் இருவரும் உட்கார்ந்தார்கள்,
இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரித் திட்டிக்கொண்டு.

பட்டியலில் பதினேழாவது பெயர் இயோதெபா.
சர்க்கரை வியாதியில் வலக்கால் போனவர்.
பிப்ரவரியில் அவரே போய்விட்டார்.
மனைவி கைங்காவே வந்து நின்றாள்.
"பெயர் இருக்கிறதல்லவா?"
இருக்கிறது, ஆனால், என்று இழுத்தேன்.
பவுரோவின் மகள் அந்த "ஆனாலை" மொழிபெயர்க்கவே இல்லை.
கைங்காவே கைநாட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாள் அதில் இரண்டு தண்ணீர்க் கேன்.
அதற்கடுத்த நாள் பாபாய்க் கிழங்கு, சேற்றோடு.
ஒரு சனிக்கிழமை, கால் கட்டிய பன்றி,
ஒரு பிரபுவைப் போல நிமிர்ந்து.
ஞாயிறு மட்டும் நாற்காலி காலி.
இருக்கையில் தாழம்பாய் விரித்து
மனெயாபாவில் தன் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பாள்.
யாரும் அந்தப் பக்கம் நெருக்கி உட்காரமாட்டார்கள்.

காலாண்டுப் படிவத்தில் ஒரு கட்டம்:
பயனாளிகள் எண்ணிக்கை.
இருபத்தாறு என்று எழுதினேன், அடித்தேன்.
இருபத்தைந்து என்றும் எழுத வரவில்லை.
பன்றியைக் கணக்கில் சேர் என்றார் டெல்மார்.

ஜூன் மாதம், கண்ணாடி கொடுக்கப் போன வழியில்
நண்டு வளையில் கால் புதைந்து விழுந்தேன்.
கணுக்கால் கண்ணெதிரே ரொட்டிமாவாய் உப்பியது.
கண்ணாடிப்பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
கைங்காவேதான் வந்தாள், கேன்களோடு.
என்னைப் பார்த்தாள். கேன்களைப் பார்த்தாள்.
எது கனம் என்று யோசித்ததுபோல் இருந்தது.
பிறகு கேன்களைத் தாழைமர நிழலில் இறக்கி
அக்குளில் கைகொடுத்து என்னை ஏற்றினாள்.

ஒரு மைல்.
வீட்டுக்கு வீடு "மௌரி, மௌரி" என்று
சிரிப்பை அடக்காத வணக்கம்.
பின்னால் பிள்ளைகள் ஊர்வலம்.
மூச்சு வாங்க அவள் ஏதோ சொல்லிக்கொண்டே தள்ளினாள்.
அதில் எனக்குப் புரிந்த ஒரே சொல்
இயோதெபா.
எனக்குச் சொன்னாளா, நாற்காலிக்கா, தெரியாது.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
கேன் சிந்திய ஈரத்தில் என் பாவாடை நனைந்திருந்தது.

வாசலில் டெல்மார், கையில் திருகுசாவி.
குனிந்தார்.
என் காலைப் பார்க்குமுன் டயரை அழுத்திப் பார்த்தார்.
காற்று கொஞ்சம் குறைவு, என்றார்.